பனிச்சந்துறைக்கு ஒரு செயலி

வாவிக்கரைப் பல்கலைக்கழகம் விரிவுரைகளைக் கைவிட்டபோது அதை எதிர்த்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாணவர்களுக்கு விரிவுரை பிடிக்காது, விரிவுரையாளர்களுக்கும் பிடிக்காது. ஆகவே எல்லோரும் ஒற்றுமையாகக் கைதட்டினார்கள். இனிமேல் மாணவர்கள் சமூகத்துக்குள் இறங்கி, அங்கே ஒரு பிரச்சினையைப் பிடித்து, அதை டிஜிட்டல் தொழில்நுட்பத்தால் தீர்த்து, தீர்க்கிற கையோடு படித்தும்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. இதற்குச் செயற்றிட்டவழிக் கற்றல் என்று பெயர். வெளிநாட்டு நிதி வந்தது. நூலகத்தின் வாசிப்பு மண்டபத்தைக் காலி பண்ணி, கண்ணாடிச் சுவர் வைத்து, குளிரூட்டி பூட்டி, பல நிறங்களில் உருண்டை இருக்கைகள் போட்டு ஒரு நிலையம் திறந்தார்கள். அங்கிருந்த நூல்களை எங்கே கொண்டுபோனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டவர்களுக்கு, எல்லாம் இனி இணையத்தில் என்று பதில் கிடைத்ததாம்.

நிலையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் உதயரூபன். கோபப்படத் தெரியாத மனிதர். யாரைக் கண்டாலும் சிரிப்பார், எதைச் சொன்னாலும் "அருமை" என்பார், மறுகணமே மறந்துவிடுவார். திறப்பு விழாவில் அவர் ஆற்றிய உரையைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

"கற்பித்தல் என்பது முடிந்துபோன கதை," என்றார். "என்னையே பாருங்கள். எத்தனை வருடம் கற்பித்தேன். அதனால் யாருக்காவது ஒரு சதப் பிரயோசனம் உண்டா?"

முன்வரிசையில் இருந்த அவருடைய பழைய மாணவர்கள் மட்டும் இல்லை என்று தலையாட்டினார்கள். அவர்கள் இப்போது விரிவுரையாளர்கள்.

நிலையத்தின் இதயம் ஒரு கணினித் தொகுதி. ஒவ்வொரு செயற்றிட்டமும் அதில் ஏழு படிகள் ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு விளக்கு. படி ஏறினால் விளக்கு பச்சையாகும். ஏழும் பச்சையானால்தான் பட்டம். அந்த விளக்குகளைக் காவல் காக்க ரிஸ்கான் என்ற இளைஞரை நியமித்தார்கள். கெட்டிக்காரப் பொடியன்தான். ஆனால் தொகுதி சொல்வதைத் திருப்பிச் சொல்வதற்கே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அவரும் வாங்கின சம்பளத்துக்கு உண்மையாக இருந்தார்.

விதுர்ஷா இறுதி வருட மாணவி, படுவான்கரைப் பிள்ளை. வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கத்து ஊர்களுக்கு அந்தப் பெயர். அவளுடைய ஊர் பனிச்சந்துறை. ஊருக்கும் வாவிக்கும் நடுவே ஒரு பெரிய வட்டை. அந்த வயல்வெளியின் வரம்பால் நெடுந்தூரம் நடந்து வந்தால் துறை வரும். துறையில் பாதை நிற்கும். பாதை என்று அங்கே சொல்வது தெருவை அல்ல. வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்து, ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் கரையிலிருந்து கரைக்கு ஏற்றிப் போகிற மிதவையை. ஆஸ்பத்திரி, வங்கி, பல்கலைக்கழகம் எல்லாம் அக்கரையில், எழுவான்கரையில்தான். மாரியில் வாடைக்காற்று கிளம்பினால் பாதை ஓடாது. அது ஓடாது என்பது துறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். சேற்றில் வழுக்கி வழுக்கி வந்த சனம் திரும்பி நடக்கும். அவசரக்காரர்கள் யாருடைய தோணியிலாவது ஏறுவார்கள். தோணி கவிழ்ந்த கதை அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. பாலத்தால் சுற்றியும் போகலாம், பஸ் வந்தால்.

விதுர்ஷாவின் அம்மா ஆச்சிப்பிள்ளைக்குச் சீனி வருத்தம். மாதா மாதம் அக்கரையில் கிளினிக். ஆகவே செயற்றிட்டத்துக்குப் பிரச்சினை தேடி விதுர்ஷா ஊர் ஊராய் அலையவில்லை. காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்லா அவளுடைய கூட்டாளி. கணினியில் கை தேர்ந்தவள். இருவரும் ஒரு காலை துறைக்குப் போய் பாதைக்காரர் கதிர்காமத்தம்பியைக் கண்டு பேசினார்கள். காற்று நாளில் துறையில் ஒரு சிவப்புத் துணியை உயர ஏற்றினால் ஊர் விளிம்பில் நின்றே பார்த்துக்கொள்ளலாமே என்று யோசனை வந்தது. யார் முதலில் சொன்னது என்று பிறகு இருவருக்கும் ஞாபகமில்லை. சஹ்லாவின் வாப்பா தன் துணிக்கடையிலிருந்து நல்ல சிவப்பாய் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார். கதிர்காமத்தம்பி நீளமான கமுகமரம் ஒன்றை நட்டு, கயிறு போட்டார்.

அடுத்த காற்று நாளில் துணி ஏறியது. ஊரில் ஒருவரும் வரம்பில் இறங்கவில்லை. கிளினிக் போக இருந்தவர்கள் விடியற்புறமே பஸ்ஸுக்குப் போனார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது.

இரண்டு பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு நிலையத்துக்கு வந்து அதைத் தொகுதியில் பதியப் பார்த்தார்கள். தொகுதி ஏற்கவில்லை. ரிஸ்கான் திரையைப் பார்த்து விளக்கினார். முதலாவது படி பிரச்சினையை அடையாளம் காணல். அது இன்னும் அங்கீகரிக்கப்படவில்லை. அங்கீகரிக்கப்படாத பிரச்சினைக்குத் தீர்வு இருக்க முடியாது. அதோடு, தீர்வின் டிஜிட்டல் கூறு என்ற பெட்டி வெறுமையாக இருக்கிறது. சிவப்புத் துணியின் படத்தை அந்தப் பெட்டியில் ஏற்றலாமா என்று விதுர்ஷா கேட்டாள். ஏற்றலாம், ஆனால் அது படமாகத்தான் இருக்கும் என்றார் ரிஸ்கான்.

விஷயம் பணிப்பாளரிடம் போனது. பேராசிரியர் இருவரையும் உருண்டை இருக்கைகளில் உட்காரவைத்து, கதை முழுவதையும் கேட்டு, அருமை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, நீங்கள் பிரச்சினையைத் தீர்த்துவிட்டீர்கள். அதுதான் இங்கே பிரச்சினை. தீர்ந்துபோன பிரச்சினையில் கற்றல் எங்கே நடக்கும்? மதிப்பீட்டுக் குழு வரும்போது நான் எதைக் காட்டுவது, ஒரு துண்டுத் துணியையா? நிதி தந்தவர்கள் துணிக்கா தந்தார்கள்?"

அதனால் ஒரு செயலி செய்வதென்று தீர்மானமாயிற்று. பாதை ஓடுகிறதா இல்லையா என்பதை ஊர்ச் சனத்தின் கைத்தொலைபேசியில் காட்டும் செயலி. சஹ்லாவுக்கு அது பெரிய வேலையல்ல. துணியும் இருக்கட்டும், செயலியும் இருக்கட்டும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். கம்பஸில் படித்துக்கொண்டு அப்படி நினைத்தது அவர்களுடைய வெள்ளைத்தனம்.

முதலாவது படிக்கு ஊரில் ஆய்வு நடத்தி, சனம் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று அளக்க வேண்டும். இதற்கு வலி வரைபடம் என்று பெயர். விதுர்ஷாவும் சஹ்லாவும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். பாதையால் ஏதும் கஷ்டமா என்று கேட்டால், முந்தி இருந்தது, இப்ப இல்லை என்றது ஊர். வலி வரைபடத்தில் வலி விழவில்லை. விளக்கு சிவப்பிலேயே நின்றது.

பேராசிரியர் ஒருநாள் முழுக்க யோசித்தார். துணி இருக்கும் வரை சனத்துக்குக் கஷ்டம் வராது, கஷ்டம் வராவிட்டால் செயலியின் பயனை நிரூபிக்க முடியாது, ஆகவே ஆய்வுக் காலம் முடியும்வரை துணி இறக்கப்பட வேண்டும் என்று முடிவுசெய்தார். மதிப்பீட்டுக் குழு வந்து போனதும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இதை அவர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். வருத்தப்படுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

விதுர்ஷா முடியாது என்றாள். பேராசிரியர் கோபப்படவில்லை. இது முழுக்க மாணவர்களின் சுதந்திரம் என்றும், முதலாவது விளக்கு பச்சையாகாவிட்டால் மற்ற ஆறும் ஆகாது என்றும், பட்டமில்லாமலும் மனிதர்கள் சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்றும் சொன்னார்.

அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அந்த வீட்டில் முதல்முதலாகக் கம்பஸுக்குப் போனவள் அவள். அப்பா போன பிறகு ஆச்சிப்பிள்ளை அடுத்தவர் வயலில் புல் பிடுங்கி, நெல் அவித்துக் குற்றி விற்று, அந்தக் கையால் படிக்கவைத்த பிள்ளை. பட்டதாரி நியமனம் ஒன்று கிடைத்தால் அம்மாவை வயலில் இறங்க விடுவதில்லை என்று அவள் எப்போதோ தீர்மானித்திருந்தாள்.

"இறக்கச் சொல்லு மனே," என்றாள் ஆச்சிப்பிள்ளை, மகளுக்கும் அங்கே மனேதான். "எத்தினை காலம் துணி இல்லாமப் போய் வந்த நாங்கதானே. மறுகா ஏத்தலாம். உன்ட படிப்பு முக்கியம்."

பதிவாளரின் முத்திரையோடு கதிர்காமத்தம்பிக்குக் கடிதம் போனது. முத்திரை விழுந்த கடிதத்துக்கு அவர் மறுபேச்சுப் பேசுகிறவரல்ல. துணியை இறக்கி மடித்து வைத்தார். கூடவே அவருக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேலங்கி வந்தது. முதுகில் 'பங்குதாரர்' என்று அச்சடித்திருந்தது. எதில் பங்கு என்று மனைவி கேட்டாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

அடுத்த காற்று நாளில் சனம் வரம்பில் வழுக்கி விழுந்தது. விதுர்ஷா ஒவ்வொருவரிடமும் போய் அவர்களுடைய வலியைப் பதிந்தாள். விளக்கு பச்சையானது.

இரண்டாவது படியில், செயலியைப் பயன்படுத்தப்போகிற ஒருவரைக் கற்பனையாக உருவாக்க வேண்டும். விதுர்ஷா தன் அம்மாவை எழுதிக் கொடுத்தாள். அம்மாவின் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, உண்மையான பெயர் கற்பனையைக் கெடுக்கும் என்றார்கள். பொன்னம்மா என்று வைத்தார்கள். இணையத்திலிருந்து ஒரு படமும் எடுத்து ஆளுயரத்துக்கு அச்சடித்து நிலையத்தின் வாசலில் நிறுத்தினார்கள். படத்தில் இருந்த பெண்மணி மலைநாட்டு உடுப்பில் இருந்தார், பின்னால் பனி மூடிய மலை தெரிந்தது. 'பொன்னம்மா, டிஜிட்டல் அறிவு அற்றவர்' என்று கீழே எழுதியிருந்தது.

மூன்றாவது படி பயனாளர் பயிற்சி. அது எழுவான்கரையில், நிலையத்தின் கண்ணாடி மண்டபத்தில் நடந்தது. அன்று காற்று. பனிச்சந்துறையிலிருந்து ஒருவராலும் வர முடியவில்லை. சாப்பாடு சொல்லியாகிவிட்டதால் நிகழ்ச்சியைத் தள்ளிப்போட வழியில்லை. முகாமைத்துவப் பீடத்துப் பொடியன்களுக்குச் சாரம் கட்டிவிட்டு, பெட்டையளுக்குத் தலையில் துணி போட்டுவிட்டு ஊர்ச் சனமாக உட்காரவைத்தார்கள். உண்மையாகவே அந்த ஊர்க்காரியான விதுர்ஷா அவர்களோடு போய் உட்காரப் பார்த்தபோது ரிஸ்கான் தடுத்தார். தொகுதியில் அவள் நடத்துநர், நடத்துநர் ஊராராக இருக்க முடியாது. பயிற்சி சிறப்பாக நடந்தது. ஊர்ச் சனம் ஒரே மணித்தியாலத்தில் செயலியைக் கற்றுக்கொண்டது. அவர்களுடைய முன்னேற்றத்தைப் பார்த்துப் பேராசிரியருக்குக் கண் கலங்கிப்போயிற்று.

நான்காவது படியில் செயலி ஓடத் தொடங்க வேண்டும். அது வேலை செய்யும் முறை எளிது. துறையில் கதிர்காமத்தம்பியின் கையில் ஒரு டெப், பலகைபோன்ற சின்னக் கணினி. காற்று இல்லையென்றால் பச்சையை அழுத்துவார், இருந்தால் சிவப்பை. அது சனத்தின் போனில் தெரியும். ஆனால் அந்த டெப் அரச சொத்து. பல்கலைக்கழகத்தின் பொருட்பதிவில் ஏறிய சாமான் வளாகத்துக்கு வெளியே தங்கக்கூடாது என்று சுற்றறிக்கை உண்டு. நனைந்தால் யார் பொறுப்பு என்று கணக்காய்வில் கேள்வி வரும். ஆகவே டெப்பை நிலையத்தின் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். வேண்டும்போது பாதைக்காரர் வந்து கையொப்பமிட்டு அழுத்திவிட்டுப் போகலாம் என்று ஒழுங்கு. அவர் வருவதானால் வாவியைக் கடக்க வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. விதுர்ஷா சொன்னாள். அது ஆலோசனைப் பெட்டியில் பதியப்பட்டது.

இப்போது ஒரு கேள்வி எழுந்தது. ஒருவரும் எதையும் அழுத்தாதபோது திரையில் என்ன தெரிய வேண்டும்? சஹ்லா சாம்பல் நிறத்தில் 'தகவல் இல்லை' என்று போட்டிருந்தாள். ரிஸ்கானுக்கு அது சரியாகப்படவில்லை. பெரும்பாலான நேரம் ஒருவரும் எதையும் அழுத்தப் போவதில்லை, அப்படியானால் குழு வந்து பார்க்கும்போதும் சாம்பலாகத்தான் இருக்கும்.

"வெறுமையாக் கிடந்தா வடிவில்ல சஹ்லா," என்றார். "பச்சையப் போடுங்க. பச்சைதான் நல்லாயிரிக்கி."

"அப்ப காத்தடிக்கிற நாளையிலயும் பச்சை காட்டுமே, நானா," என்றாள் சஹ்லா. நானா என்றால் அவளுடைய ஊரில் அண்ணன்.

"அது இப்போதைக்குத்தான். குழு போனதும் மாத்தலாம்."

பணிப்பாளரிடம் கேட்டார்கள். அவர் பச்சைக்கே வாக்களித்தார். இன்னொன்றும் திருத்தினார். 'பாதை ஓடுகிறது' என்ற வாசகம் வறட்சியாக இருக்கிறது, பயனாளருக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டும் என்று, அதை எடுத்துவிட்டு 'பயணம் பாதுகாப்பானது' என்று போடச் சொன்னார். சஹ்லா அன்று வெகுநேரம் கணினியின் முன் சும்மா இருந்தாள். அவளுக்கும் இறுதி வருடம். வீட்டில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, பட்டத்தோடு முடித்துக்கொடுப்பதாக வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கடைசியில் மாற்றிக் கொடுத்தாள். ஊரில் ஆருக்கும் இன்னும் செயலியைப் போடக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் விதுர்ஷாவிடம் சொன்னாள்.

ஆனால் ஐந்தாவது படிக்கு உண்மையான பயனாளர் ஒருவராவது வேண்டும் என்று தொகுதி கேட்டது. விதுர்ஷா அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தாள். காற்று நாளில் இதை நம்ப வேண்டாம், இன்னும் வேலை முடியவில்லை என்று சொல்லித்தான் கொடுத்தாள். ஆச்சிப்பிள்ளை ஓம் ஓம் என்றாள். அன்று பின்னேரமே அந்தப் பச்சையைப் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கத்துக்குக் காட்டினாள். பிறகு கிணற்றடியிலும் கடையடியிலும் காட்டினாள். மகள் செய்தது என்று காட்டுகிற தாயிடம் இன்னும் வேலை முடியவில்லை என்பதெல்லாம் எவ்வளவு நேரம் நிற்கும்?

ஆறாவது படிக்கான மதிப்பீட்டுக் குழு மார்கழியில் வந்தது. குழுவின் முன் கதிர்காமத்தம்பியையும் நிறுத்த வேண்டுமென்று முதல்நாளே வாகனம் அனுப்பி, பாலத்தால் சுற்றிக் கூட்டிவந்து விருந்தினர் விடுதியில் தங்கவைத்தார்கள். பாதை துறையில் கட்டிக் கிடந்தது. விடியும்போது வாடை தொடங்கிவிட்டது. வளாகத்துத் தென்னைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. கண்ணாடி மண்டபத்துக்குள் காற்று வராது, குளிர் மட்டும்தான். நிகழ்ச்சிக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று, குழுவுக்காக வைத்த டிஜிட்டல் கற்றல் கண்காட்சிக்கு வந்த எல்லோருடைய போன்களையும் வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள்.

விதுர்ஷா பேசினாள். மனப்பாடம் செய்ததைப் பிழையில்லாமல் சொன்னாள். அவளுக்குப் பின்னால் சுவரளவுத் திரையில் பனிச்சந்துறை பச்சையாக ஒளிர்ந்தது, 'பயணம் பாதுகாப்பானது.' குழுவின் தலைவியான வெளிநாட்டு அம்மையார் இது நேரடித் தகவலா என்று கேட்டார். பேராசிரியர் எழுந்து, ஒவ்வொரு கணமும் நேரடி என்றார். பிறகு பங்குதாரரையும் பேசவிட்டார்கள்.

கதிர்காமத்தம்பி மேலங்கியைச் சரிசெய்துகொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். "இண்டைக்குப் பாதை ஓடாது. சரியான காத்து. நான் இஞ்ச நிக்கிறன்தானே, ஆர் ஓட்டுற?" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, இந்தச் செயலியைச் சமூகம் தன்னுடையதாகவே உணர்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மையார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் நடுவில் விதுர்ஷாவுக்கு அன்று கிளினிக் நாள் என்பது நினைவு வந்தது. மேடையிலிருந்து இறங்கி வாசலுக்குப் போய்ப் போனைக் கேட்டாள். நிகழ்ச்சி முடியாமல் கூடையைத் திறக்க முடியாது என்றார்கள். அம்மாவோடு பேச வேண்டும் என்றாள். எல்லோருக்கும் அம்மா இருக்கிறார்கள் என்றார்கள். நன்றியுரை நீளமாக இருந்தது. கூடை திறந்தபோது அவளுடைய போனில் ஊரிலிருந்து வந்த அழைப்புகள் நிறைந்திருந்தன.

நடந்தது இதுதான். ஆச்சிப்பிள்ளை காலையில் போனைப் பார்த்தாள். பச்சை. சின்னத்தங்கத்துக்கும் அன்று அக்கரையில் ஒரு வேலை இருந்தது. இருவரும் வரம்பால் வந்தார்கள். துறையில் பாதை கட்டிக் கிடந்தது, பாதைக்காரரைக் காணவில்லை. அவர் கம்பஸுக்குப் போயிருப்பது ஊரறிந்த விஷயம். ஆகவே பாதை நிற்பது ஆளில்லாததால்தான், காற்றால் அல்ல என்று நினைத்தார்கள். காற்று அடிப்பது தெரிந்தது. ஆனால் பயணம் பாதுகாப்பானது என்று போன் சொன்னது. கிளினிக் நாள் தவறினால் பிறகு அடுத்த மாதம்தான். சின்னத்தங்கத்தின் வீட்டுத் தோணி அங்கேதான் கிடந்தது, அவளுக்குத் தோணி தள்ளத் தெரியும். சிநேகிதிக்காக அவள் தோணியை அவிழ்த்தாள்.

நடு வாவியில் தோணி கவிழ்ந்தது. ஆச்சிப்பிள்ளை தோணியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், வலைக்காரர்கள் வந்து தூக்கினார்கள். சின்னத்தங்கத்தை மறுநாள் கண்டல் மரங்களுக்குள் கண்டெடுத்தார்கள்.

குழு அதற்குள் கொழும்புக்குப் போய்விட்டது. சமூகத் தாக்கம் என்ற பிரிவில் வாவிக்கரைப் பல்கலைக்கழகத்துக்கே கூடிய புள்ளி. பேராசிரியர் உதயரூபன் செத்த வீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்தார். மெய்யாகவே அழுதார், அதில் நடிப்பில்லை. பிறகு நிலையத்தில் கூட்டம் கூட்டி உரையாற்றினார்.

"இது தொழில்நுட்பத்தின் தவறல்ல. தொழில்நுட்பம் ஒரு துணை, அவ்வளவுதான். காற்று அடிக்கிறதா என்பதைப் பயனர் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் சனம் ஒரு திரையை இவ்வளவு நம்பும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்? இதைத்தான் நான் முதல்நாளிலிருந்து சொல்லி வருகிறேன்."

சம்பவம் 'பயனர் தவறு' என்று தொகுதியில் பதியப்பட்டது. பயனர்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட இரண்டாம் கட்ட நிதி கோரினார்கள், கிடைத்தது. கதிர்காமத்தம்பி செத்த வீட்டிலிருந்து நேரே துறைக்குப் போய், ஒருவரையும் கேட்காமல் சிவப்புத் துணியைத் திரும்ப ஏற்றியிருந்தார். நிலையம் அதைப் படமெடுத்து, செயலியின் இணையமற்ற பதிப்பு என்று ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டது.

விதுர்ஷாவுக்கு ஏழாவது படி மிச்சமிருந்தது. கற்றுக்கொண்டது என்ன என்று கமராவைப் பார்த்துப் பேசிப் பதிய வேண்டும். அவள் போய் உட்கார்ந்தாள். நாங்கள் துணியை இறக்கினோம் என்றாள். ஒருவரும் அழுத்தாத விளக்கைப் பச்சையாக விட்டோம் என்றாள். சின்னத்தங்கம் மாமி செத்துப் போனா, என்ட பட்டத்துக்காக நானும் இதுக்கு ஓம் எண்டனான் என்றாள். பிறகு அழுதாள். அழுத நேரத்தையும் சேர்த்துக் குறைந்தபட்ச நேரம் நிறைவாகியிருந்தது. 'நன்றி, உங்கள் கற்றல் முழுமையடைந்தது' என்று தொகுதி சொன்னது. விளக்கு பச்சையானது. அந்தப் பதிவை இன்றுவரை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

ஆச்சிப்பிள்ளை ஆஸ்பத்திரியால் வந்த பிறகு வீட்டுக்கு வெளியே இறங்கவில்லை. பக்கத்து வீட்டு வேலிக்கு முதுகைக் காட்டியே இருந்தாள். சாப்பாட்டை வைத்தால் எடுக்கிறதில்லை. விதுர்ஷா பக்கத்தில் போய் இருந்தாள். பட்டம் உறுதியான செய்தியைச் சொல்ல வந்தவள், அதைச் சொல்லவில்லை.

"நான்தான் சொன்னன்," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "அவள் வேண்டாம்கா, காத்துக்கா எண்டாள். நான்தான் போனைக் காட்டினன். என்ட புள்ள செஞ்சது பிழைக்காது எண்டு சொன்னன்."

"உங்கட பிழை இல்ல அம்மா. அது பொய்ப் பச்சை. ஒருத்தரும் அழுத்தயில்ல. அழுத்திற டெப் கம்பஸில அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடந்த."

ஆச்சிப்பிள்ளை திரும்பி மகளைப் பார்த்தாள். "ஒருத்தரும் அழுத்தாட்டி, அப்ப என்னத்துக்குப் பச்சை காட்டின?"

விதுர்ஷா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வெறுமையாக் கிடந்தா வடிவில்லையாம் அம்மா."

வேலிக்கு அப்பால் சின்னத்தங்கத்தின் பிள்ளைகள் பேசுகிற சத்தம் கேட்டது. ஆச்சிப்பிள்ளை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அதுகள் வந்து கேட்டா, இதையா மனே நான் சொல்ற?"